திருப்பி அனுப்பப்படாதவை

எழுதுவதற்கு எத்தனையோ விடயங்கள் இருக்க, நூறு வருடங்களுக்கு முந்திய ஒரு அமெரிக்கப் படக் கொம்பனியைப் பற்றி, அதுவும் அது எடுத்த பேசாப் படங்களைப் பற்றி, இந்தப் பக்கங்களில் ஏன் எழுதவேண்டும் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எமது நண்பர்களிலேயே இருக்கிறார்கள். "ஹொலிவூட்டைப் பற்றி எழுத அவங்களிலயே ஆயிரம் பேர் இருக்கிறாங்கள். உங்களுக்கென்ன வந்தது?" என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான். ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாததால்தான் இந்தக் கட்டுரை.

கொம்பனியின் பெயர் பொக்ஸ். அது ஒரு மனிதரின் பெயர் என்பது இன்று பலருக்குத் தெரியாது. வில்லியம் பொக்ஸ் 1879 இல் ஹங்கேரியில் தொல்ச்வா என்ற சிற்றூரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக நியூயோர்க்குக்குக் கொண்டுவரப்பட்டவர். வந்தேறிகள் அடைந்து கிடந்த நெரிசல் குடியிருப்பில் வளர்ந்து, சிறுவயதிலேயே வேலைக்குப் போய், துணித் தொழிலில் நாலு காசு சேர்த்து, புறூக்ளினில் ஒரு சின்னப் படக்கொட்டகையை வாங்கினார். ஒன்று பலவானது. படங்களைக் கொட்டகைகளுக்கு வாடகைக்குக் கொடுக்கும் விநியோகத் தொழிலிலும் இறங்கினார்.

அந்நாளில் எடிசனின் கொம்பனியும் வேறு சில கொம்பனிகளும் சேர்ந்து காப்புரிமைக் கூட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, யார் படம் எடுக்கலாம், யார் காட்டலாம் என்பதைத் தாமே தீர்மானித்துக்கொண்டிருந்தன. சிறு விநியோகஸ்தர்கள் ஒவ்வொருவராக விற்றுவிட்டுப் போனார்கள். பொக்ஸ் விற்க மறுத்தார், வழக்காடினார். 1915 இல் நீதிமன்றம் அந்தக் கூட்டு சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு பெப்ரவரியில் அவர் தொடங்கியதுதான் பொக்ஸ் பிலிம் கோப்பரேஷன்.

அவர்கள் எடுத்ததெல்லாம் கலை என்று நாம் சொல்லவரவில்லை. அது ஒரு தொழிற்சாலை. சில ஆண்டுகளில் வாரத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முழுநீளப் படங்கள் அங்கிருந்து வெளியேறின. முதல் ஆண்டே தீடா பாரா என்ற நடிகையை வைத்து ஒரு படம் எடுத்தார்கள். ஆண்களை உறிஞ்சிக் குடித்து எறியும் பெண் பாத்திரம். படம் ஓடோ ஓடென்று ஓடியது. உடனே கொம்பனியின் விளம்பரக்காரர்கள் அவருக்கு ஒரு பூர்வீகத்தைச் சோடித்தார்கள்: எகிப்தில் பிறந்தவர், பாலைவனத்தில் வளர்ந்தவர், மாந்திரீகம் தெரிந்தவர் என்று. உண்மையில் அவர் ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டியில் பிறந்த தியோடோசியா குட்மன். ஒரு புதிய நாட்டில் சொல்வதற்கு ஒரு கதை வேண்டியிருப்பதும், அந்தக் கதைக்கு ஏற்றபடி பெயரும் ஊரும் மாறுவதும் எமக்கு ஒன்றும் அதிசயமல்ல. அகதி விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர்களிடம் போய்வந்த எவருக்கும் இது விளங்கும்.

தீடா பாரா 1914 இலிருந்து நாற்பது படங்கள் அளவில் நடித்தார். பெரும்பாலானவை பொக்ஸுக்காக. இன்று முழுமையாகக் கிடைப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1917 இல் பெருஞ்செலவில் எடுத்த 'கிளியோபாட்ரா'வில் மிஞ்சியவை சில நொடித் துண்டுகள் மட்டுமே. அதே 1917 இலிருந்து ரொம் மிக்ஸ் என்ற குதிரைவீரர் பொக்ஸுக்காக எண்பதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். அவருடைய குதிரை ரோனிக்கும் அவரளவு புகழ். உலகம் முழுவதும் சிறுவர்கள் அந்தக் குதிரையின் பெயரை அறிந்திருந்தார்கள். அந்தப் படங்களிலும் பெரும்பாலானவை இன்று இல்லை.

ஏன் இல்லை என்பதற்குப் போகுமுன், நாம் பார்த்த ஒரு படத்தைச் சொல்லவேண்டும்.

*

எண்பதுகளின் கடைசியில் பாரிஸில் நாம் மூன்று பேர் ஓர் அறையில் இருந்தோம். லிப்ட் இல்லாத கட்டடத்தின் ஏழாம் மாடி. முன்னொரு காலத்தில் பணக்கார வீடுகளின் வேலைக்காரிகளுக்கென்று கூரைக்குக் கீழே கட்டிய அறை அது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். மலசலகூடம் ஓடையின் அந்தத்தில். மூவரில் மூத்தவரை மாஸ்டர் என்று கூப்பிடுவோம். ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவர், இங்கே ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினார். நாமும் அதைத்தான் செய்தோம்.

பிரெஞ்சு எவருக்கும் பிடிபடவில்லை. படம் பார்க்க ஆசை. தமிழ்ப்பட வீடியோக் கசட் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் அறையில் டெக் இல்லை. மாஸ்டர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். பல்கலைக்கழகப் பக்கத்தில் பழைய படங்கள் போடும் சின்னத் தியேட்டர்கள் இருந்தன. "பேசாப் படத்துக்குப் போவம். அதில பிரெஞ்சுக்காரனும் நாங்களும் ஒண்டுதான்" என்றார். இடையில் வரும் எழுத்து அட்டைகள் ஆங்கிலத்தில் இருந்தால் அவர் மெதுவாக எமது காதுக்குள் தமிழில் சொல்லுவார். அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை, வேலை ஓய்வு நாளில், பிராங்க் பொர்ஸேகி 1927 இல் பொக்ஸுக்காக எடுத்த 'ஏழாவது சொர்க்கம்' பார்த்தோம்.

கதை நடப்பது பாரிஸில். ஆனால் படம் எடுத்தது கலிபோர்னியாவில். அந்தப் பாரிஸ் மரத்தாலும் சாந்தாலும் ஸ்ரூடியோவுக்குள் கட்டியது. கதாநாயகன் சிக்கோ நிலத்துக்கு அடியில் கழிவுநீர்க் கால்வாயில் வேலை செய்பவன். அவனுடைய பெரிய ஆசை என்ன தெரியுமா? மேலே வந்து, குழாய் பிடித்துத் தெருக் கழுவும் வேலை கிடைக்கவேண்டும் என்பது. தேவாலயத்தில் காசு கொடுத்து மெழுகுதிரி ஏற்றி அதற்காக வேண்டிக்கொண்டவன், கிடைக்கவில்லையென்று கடவுளையே விட்டுவிட்டான். பிறகு ஒரு பாதிரியார் அந்த வேலைக்கான கடிதத்தைக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறார். சிக்கோவின் முகம் மலர்வதைப் பார்த்து எமக்குப் பக்கத்திலிருந்த பிரெஞ்சுக்காரர்கள் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. கோப்பை கழுவும் இடத்திலிருந்து மரக்கறி வெட்டும் மேசைக்கு ஒருவன் உயர்ந்தால் எமது அறையில் அன்றைக்கு விருந்து.

டியான் என்ற பெண். குடிகாரத் தமக்கையின் சாட்டையடிக்குத் தப்பி ஓடி வருபவள். பொலிஸ் அவளைப் பிடிக்க வரும்போது சிக்கோ வாய் தவறி, இவள் என் மனைவி என்று சொல்லிவிடுகிறான். பொலிஸ்காரர் விலாசத்தை எழுதிக்கொள்கிறார். வீட்டுக்கு வந்து சரிபார்ப்போம் என்கிறார். சொன்ன பொய்யைக் காப்பாற்றுவதற்காக அவளை அவன் தன் அறைக்குக் கூட்டிப்போகவேண்டியதாகிறது. அந்த அறை ஏழாம் மாடியில், கூரைக்குக் கீழே.

அவர்கள் படி ஏறுகிறார்கள். கமராவும் அவர்களோடு ஏறுகிறது. ஒவ்வொரு மாடியாக, ஒரு வெட்டும் இல்லாமல், படிக்கட்டின் பக்கச் சுவரை எடுத்துவிட்டதுபோல, மேலே மேலே மேலே. மாஸ்டர் மாடிகளை எண்ணிக்கொண்டிருந்தார். வதிவிடத்தைப் பார்க்க ஆள் வரும் என்ற பயம், ஒரு கடுதாசிக்காக ஒரே விலாசத்தில் சேர்ந்து வாழ்வது, வேலை முடிந்து வந்து ஏழு மாடி ஏறுவது... இதையெல்லாம் ஒரு ஹொலிவூட் படம் 1927 இலேயே எடுத்து வைத்திருக்கும் என்று யார் கண்டது? வெளியே வந்து வெகுநேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

1914 இல் போர் வருகிறது. சிக்கோ போகிறான். ஒவ்வொரு நாளும் காலை பதினொரு மணிக்கு ஒருவரை ஒருவர் நினைப்பதென்று இருவரும் பேசிக்கொள்கிறார்கள். மிகை நாடகம்தான். ஆனால் ஜனட் கேய்னரின் முகத்தில் அது மிகையாகத் தெரியவில்லை. 1929 மே மாதம் நடந்த முதலாவது ஒஸ்கார் விழாவில் சிறந்த நடிகைக்கான பரிசை அவர் இந்தப் படத்துக்கும் வேறு இரண்டு பொக்ஸ் படங்களுக்கும் சேர்த்துப் பெற்றார். பொர்ஸேகிக்கு நெறியாள்கைப் பரிசு.

*

அந்த வேறு இரண்டில் ஒன்று 'சூரியோதயம்'. ஜெர்மனியில் புகழ்பெற்றிருந்த முர்னாவை வில்லியம் பொக்ஸ் அழைத்து, காசைப் பாராமல் எடுக்கச் சொன்ன படம். கிராமத்தான் ஒருவன், அவன் மனைவி, நகரத்திலிருந்து வந்த ஒருத்தி. மனைவியைத் தண்ணீரில் தள்ளிக் கொன்றுவிட்டு என்னோடு நகரத்துக்கு வா என்கிறாள் அவள். பாத்திரங்களுக்குப் பெயர் கிடையாது. ஊருக்கும் பெயர் கிடையாது. எங்கேயும் நடக்கலாம் என்று படமே ஆரம்பத்தில் சொல்லிவிடுகிறது. கொல்லப் போனவன் மனம் மாறி, பயந்து ஓடிய மனைவியைத் தொடர்ந்து ட்ராமில் ஏறி, இருவரும் வயல்வெளியிலிருந்து நகரத்துக்குள் வந்து சேரும் அந்தப் பயணத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் நிற்கிறார்கள். பின்னால் யன்னலில் உலகம் மாறிக்கொண்டு போகிறது.

1927 செப்ரெம்பர் 23 இல் நியூயோர்க்கில் 'சூரியோதயம்' முதன்முதலாகக் காட்டப்பட்டபோது, அதனோடு ஒரு செய்திப் படமும் காட்டப்பட்டது. அதில் முசோலினி தோன்றிப் பேசினார். குரல் கேட்டது. மூவிடோன் என்ற முறையில் ஒலியைப் படச்சுருளிலேயே பதிக்கும் வித்தையை பொக்ஸ் வாங்கியிருந்தார். அதே ஆண்டு மே மாதம் லின்ட்பெர்க் பாரிஸை நோக்கி விமானத்தில் கிளம்பிய காட்சியும் சத்தமும் அவருடைய கமராவில் பதிவாகியிருந்தன. பேசாப் படத்தின் உச்சமென்று பலர் சொல்லும் ஒரு படைப்பும், பேசாப் படத்தை ஒழித்த கருவியும் ஒரே இரவில், ஒரே மேடையில், ஒரே கொம்பனியின் பெயரில் வந்தன.

இதிலே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பேசாப் படம் எந்த நாட்டுக்கும் போகக்கூடியது. எழுத்து அட்டைகளை வெட்டி எடுத்துவிட்டு, செக் மொழியிலோ டச்சு மொழியிலோ அட்டைகளை எழுதி ஒட்டினால் சரி. அதனால்தான் பொக்ஸ் படங்கள் உலகத்தின் கடைசி மூலைவரைக்கும் போய்ச் சேர்ந்தன. படம் பேசத் தொடங்கியதும் அந்தப் பாஸ்போட் பறிபோனது.

பொக்ஸின் கதையும் அதோடு முடிகிறது. 1929 இல், எம்.ஜி.எம். படங்களுக்குச் சொந்தமான லோ கொம்பனியின் பங்குகளைக் கடன்பட்டு வாங்கினார். முன்பு ஏகபோகத்துக்கு எதிராக வழக்காடியவர்மீது இப்போது அரசாங்கம் ஏகபோக வழக்குப் போட்டது. அந்த யூலையில் ஒரு கார் விபத்து. அவர் படுகாயமடைந்தார், சாரதி இறந்தார். ஒக்ரோபரில் பங்குச்சந்தை விழுந்தது. 1930 இல் கொம்பனி கைவிட்டுப் போனது. 1935 இல் அது ட்வென்டியத் செஞ்சுரி என்ற இன்னொரு கொம்பனியோடு இணைக்கப்பட்டது. பெயரின் வாலில் மட்டும் அவர் மிஞ்சினார். 1936 இல் வங்குரோத்து. வங்குரோத்து வழக்கில் நீதிபதிக்கு லஞ்சம் கொடுத்த குற்றத்துக்காகச் சில மாதங்கள் சிறை. 1952 இல் இறந்தார்.

*

இனித் தீயைப் பற்றி.

அந்நாளையப் படச்சுருள் செலுலோஸ் நைத்திரேற்று என்ற பொருளால் ஆனது. வெடிமருந்துக்கு நெருங்கிய சொந்தம். பற்றினால் காற்றில்லாமலும் எரியும், தண்ணீருக்குள்ளும் எரியும். வயது போகப்போகத் தானே சிதையும், சிதையும்போது எரியக்கூடிய வாயுவை விடும். நியூஜேர்சி மாநிலத்தில் லிற்றில் பெரி என்ற சிற்றூரில், குடிமனைகளுக்கு நடுவில், செங்கல்லும் கொங்கிரீட்டும் கொண்டு தீப்பிடிக்காது என்று நம்பிக் கட்டிய ஒரு களஞ்சியத்தில், பொக்ஸின் பேசாப் பட நெகடிவ்களும் பிரதிகளும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பொக்ஸின் ஆரம்பகாலப் படங்கள் பல எடுக்கப்பட்ட போட் லீயும் அதே மாவட்டத்தில், கிட்டத்தில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் சொந்த இடத்தில், பத்திரமாக, ஒன்றாக வைத்திருந்தார்கள்.

1937 யூலை 9. கடும் வெயில் காலம். பெட்டகங்களுக்குள் காற்றோட்டம் போதாது. அதிகாலை இரண்டு மணியளவில் ஒரு பெட்டகம் தானாகப் பற்றிக்கொண்டது. ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு, அடுத்ததிலிருந்து மற்றதுக்கு. யன்னல்களாலும் கூரையாலும் தீ நாக்குகள் வெளியே பாய்ந்தன. பக்கத்து வீடுகளிலிருந்தவர்கள் ஓடினார்கள். பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் எரிகாயங்களால் இறந்தான். அவனுடைய தாயும் சகோதரனும் காயமடைந்தார்கள். 40,000 க்கும் மேற்பட்ட சுருள்கள் அழிந்தன. 1932 க்கு முந்திய பொக்ஸ் படங்களின் மூலப் பிரதிகளில் பெரும்பகுதி அந்த ஓர் இரவோடு போயிற்று.

பிறகு நடந்ததுதான் எம்மை அதிகம் உறுத்துகிறது. எரிந்த சுருள்களில் வெள்ளி இருக்குமல்லவா? சாம்பலையும் கருகிய துண்டுகளையும் 57 லொறிகளில் ஏற்றிக்கொண்டுபோய் வெள்ளியை உருக்கி எடுத்தார்கள். ஒரு பெட்டிச் சுருளுக்கு ஐந்து சதம் பெறுமதியான வெள்ளி தேறியது. பேசாப் படத்துக்கு அப்போது சந்தையில் மதிப்பில்லை. அழிந்தது என்னவென்று அந்நேரம் எவரும் பெரிதாக அழவில்லை.

ஓர் எரிந்த களஞ்சியத்தைப் பற்றி எழுதும்போது, வாசிக்கும் உங்களுக்கு எந்தக் கட்டடம் நினைவில் வரும் என்பது எமக்குத் தெரியும். 1981 இல் யாழ்ப்பாணத்தில் நடந்ததை இதனோடு நிறுத்துப் பார்க்க நாம் விரும்பவில்லை. லிற்றில் பெரியில் எரிந்தது. யாழ்ப்பாணத்தில் எரிக்கப்பட்டது. தமிழில் ஓர் எழுத்துக் கூட்டம்தான் வித்தியாசம், ஆனால் அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க முடியாது. ஒன்றை மட்டும் சொல்லலாம்: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருந்தவர்களுக்குத்தான் ஒரே இரவில் எல்லாம் போகும்.

*

அப்படியென்றால் நாம் பார்த்த படங்கள் எங்கிருந்து வந்தன?

பொக்ஸும் ஏனைய கொம்பனிகளும் பிரதிகளை விற்பதில்லை, வாடகைக்குத்தான் கொடுப்பார்கள். ஓட்டி முடிந்ததும் திருப்பி அனுப்பவேண்டும், அல்லது அழித்துவிடவேண்டும். ஆனால் பெரிய நகரங்களில் ஓடித் தேய்ந்து, சின்ன நகரங்களுக்குப் போய், கடைசியில் கப்பலேறி நியூசிலாந்து போன்ற இடத்துக்குப் போய்ச் சேரும்போது அந்தப் பிரதிக்கு இரண்டு மூன்று வயதாகியிருக்கும். திருப்பி அனுப்பும் கப்பற்கூலி அதன் பெறுமதியைவிட அதிகம். வேண்டாம், அங்கேயே அழித்துவிடுங்கள் என்பார்கள். அழிக்க மனம் வராத ஆட்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். படம் ஓட்டுபவர், சேகரிப்பவர், ஒரு கொட்டகைக்காரர்... யாரோ ஒருவர் பெட்டியைக் கொட்டிலுக்குள் தள்ளிவைத்தார்.

கனடாவின் வடமேற்கில் டோசன் என்ற தங்கச் சுரங்க ஊரும் அப்படியொரு கடைசித் தரிப்பிடம். 1978 இல் அங்கே நிலத்தைத் தோண்டியபோது, பழைய நீச்சல் தடாகத்தை நிரப்பப் போட்டு மூடியிருந்த 533 சுருள்கள் வெளியே வந்தன. உறைபனி அவற்றைக் காப்பாற்றியிருந்தது. அவை பல கொம்பனிகளின் படங்கள்.

பொக்ஸ் கதைக்கு வருவோம். ஜோன் போர்ட் 1920 இலிருந்து பொக்ஸுக்காகப் படங்கள் எடுத்தவர். பின்னாளில் அமெரிக்க சினிமாவின் பெரிய பெயர்களில் ஒருவர். ரெயில்பாதை போட்ட வந்தேறித் தொழிலாளரைப் பற்றிய 'இரும்புக் குதிரை' 1924 இல் வந்தது. அவருடைய பேசாப் படங்களிலும் பெரும்பகுதி இல்லை. 1927 இல் அவர் எடுத்த 'அப்ஸ்ட்ரீம்' நியூயோர்க்கில் வேலையில்லாத நாடகக்காரர்கள் கூட்டமாகத் தங்கியிருக்கும் ஒரு விடுதியைப் பற்றியது. ஒரேயடியாக அழிந்துபோனதாகத்தான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 2009 இல் நியூசிலாந்துக் காப்பகத்தில் ஒரு பிரதி இருப்பது தெரியவந்தது. வெலிங்டனில் அதைச் செப்பனிட்டு, 2010 செப்ரெம்பர் 1 இல் கலிபோர்னியாவில் திரையிட்டார்கள். 83 வருடங்கள் கழித்து, உலகத்தின் மற்ற அந்தத்திலிருந்து, படம் எடுத்த ஊருக்கே திரும்பி வந்தது.

பொர்ஸேகி 1929 இல் எடுத்த 'அதிர்ஷ்ட நட்சத்திரம்' போரில் கால்கள் செயலிழந்த ஒருவனுக்கும் ஏழைக் குடியானவப் பெண்ணுக்குமான கதை. அதே கேய்னர், அதே சாள்ஸ் பாரல். அதுவும் போய்விட்டதென்றே இருந்தார்கள். நெதர்லாந்தில் கிடைத்தது. முர்னாவ் 'சூரியோதய'த்துக்கு அடுத்ததாக எடுத்த 'நான்கு சாத்தான்கள்' எந்த ஊரிலும் இதுவரை கிடைக்கவில்லை. சர்க்கஸ்காரரைப் பற்றிய அந்தப் படத்தின் நிழற்படங்களும் வரைபடங்களும் மட்டும் இருக்கின்றன.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013 இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளிவந்த முழுநீளப் பேசாப் படங்கள் 10,919. அவற்றில் 70 வீதம் முற்றாக அழிந்துவிட்டன. ஏதோ ஒரு வடிவில் மிஞ்சியிருப்பவை 3,311. அவற்றில் 886 படங்கள் வெளிநாடுகளில் கிடைத்தவை. அதாவது மிஞ்சியதில் கால்வாசிக்கும் மேல், நாட்டை விட்டுப் போனதால் மிஞ்சியவை. (எமது பக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசகவதம்' உட்பட அவருடைய பேசாப் படங்களில் ஒரு சுருளும் இல்லை. அவை தூரதேசம் போகவுமில்லை.)

இதை வாசித்ததும் எமக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. திருப்பி அனுப்புதல் என்ற சொல்லைக் கேட்டால் இங்கே எமது ஆட்களுக்கு வயிறு கலங்கும். திருப்பி அனுப்பாததால் உயிர் தப்பியவை என்று ஒரு பட்டியலைக் கண்டால் சந்தோஷம் வராதா?

ஆனால் இந்தச் சந்தோஷத்துக்குள் ஒரு முள் இருக்கிறது. அந்நாளில் பல படங்களுக்கு இரண்டு நெகடிவ் எடுப்பார்கள். இரண்டு கமராக்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், அல்லது ஒரே காட்சியைத் திரும்ப நடிக்கவைத்து எடுப்பார்கள். நல்லது உள்நாட்டுக்கு. மற்றது வெளிநாட்டுக்கு. 'இரும்புக் குதிரை'க்கு அமெரிக்க வடிவம் வேறு, ஏற்றுமதி வடிவம் வேறு. 'சூரியோதய'த்தின் மூல நெகடிவ் இன்று இல்லை. செக் நாட்டில் கிடைத்த பிரதியில் பிம்பம் தெளிவு. ஆனால் படம் குறுகியது. சில இடங்களில் நாம் அறிந்த முகபாவம் அல்ல, வேறொரு தடவை நடித்தது. தூரதேசத்தில் தப்பியது படம்தான். ஆனால் வீட்டிலிருந்தவர்கள் பார்த்த படம் அல்ல.

*

இது எமக்கு முழுதாக விளங்கியது மாஸ்டர் இறந்த பிறகு.

சில வருடங்களுக்கு முன் அவர் காலமானார். குடும்பமில்லை. பிறகு வந்த நல்ல வாடகை வீடுகளுக்கும் அவர் அந்தப் பழைய பெட்டிகளைக் காவிக்கொண்டே திரிந்தார். நாம் போய்த் திறந்தபோது சிறுசஞ்சிகைகள், துண்டுப்பிரசுரங்கள், தியேட்டர்களின் நிகழ்ச்சித் தாள்கள், ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையக் கசட்டுகள். அந்நாளில் கடிதத்துக்குப் பதிலாகக் கசட்டில் கதைத்து, வருகிற ஆட்களிடம் கொடுத்தனுப்புவது வழக்கம். அவற்றில் நாலில் அவருடைய தாயாரின் குரல்.

யாழ்ப்பாணத்திலிருக்கும் அவருடைய தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னோம். அங்கே ஒன்றும் இல்லை. 1995 ஒக்ரோபரில் ஊரே இடம்பெயர்ந்தபோது வீட்டோடு எல்லாம் போய்விட்டது. தாயார் வன்னியில் இறந்தார். ஒரு படம்கூடக் கையில் இல்லை. கசட்டுகளைக் கணினியில் ஏற்றி அனுப்பிவைத்தோம்.

இரண்டு நாள் கழித்து மருமகள் எடுத்தாள். தாயாரைக் கண்டறியாத பிள்ளை. "அம்மம்மாவின்ர குரலை முதல்முதல் கேட்டம் மாமா. எல்லாரும் அழுதம். ஆனால் அம்மா சொல்லுறா, அம்மம்மா இப்பிடிக் கதைக்கமாட்டாவாம். வீட்டில இப்பிடி ஒருநாளும் கதைச்சதில்லையாம்."

திரும்பவும் போட்டுக் கேட்டோம். உண்மைதான். நாங்கள் எல்லோரும் சுகம், நீ ஒன்றுக்கும் யோசிக்காதே, கிணத்தில் தண்ணி நல்லாய் இருக்கு, மாமரம் இந்தமுறை காய்ச்சிருக்கு, நேரத்துக்குச் சாப்பிடு. நிறுத்தி நிறுத்தி, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்புவிப்பதுபோல. ஷெல் அடியைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஓரிடத்தில் தூரத்தில் ஏதோ ஒரு சத்தம். பேச்சு நிற்கிறது. கசட்டை நிற்பாட்டுகிறார்கள். திரும்பத் தொடங்கும்போது மாமரத்தைப் பற்றிய பேச்சு.

அது வெளிநாட்டுக்கென்று எடுத்த வடிவம். பிள்ளைக்குத் தெரியவேண்டாம் என்பதையெல்லாம் வெட்டிவிட்டு அனுப்பியது. வீட்டில் பிள்ளைகளை ஏசிய குரல், பதுங்குகுழிக்குள் தேவாரம் சொன்ன குரல், அதுதான் மூல நெகடிவ். அது எங்குமில்லை. எம்மிடம் இருப்பது இதுதான். இதை வைத்துத்தான் அந்தப் பிள்ளை தன் அம்மம்மாவைக் கட்டிக்கொள்ளவேண்டும்.

புலம்பெயர்ந்த நாம் ஊரைப் பற்றிக் கதைக்கும்போது, மூலம் எம்மிடம்தான் இருக்கிறது என்பதுபோலக் கதைப்பதுண்டு. எமக்கு அனுப்பப்பட்டதும், நாம் கொண்டுவந்ததும் ஏற்றுமதிப் பிரதி. அதற்கும் மதிப்புண்டு, சில இடங்களில் அது ஒன்றுதான் மிச்சம். ஆனால் அதைத் திரும்பக் கொடுக்கும்போது, இது முழுப்படம் அல்ல என்ற சீட்டையும் சேர்த்து ஒட்டவேண்டும். படக் காப்பகக்காரர்கள் அதைச் செய்கிறார்கள். செக் பிரதியைக் காட்டும்போது செக் பிரதி என்று எழுதித்தான் காட்டுகிறார்கள்.

நல்ல காரியம் ஒன்றும் நடந்துகொண்டிருக்கிறது. 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துச் சஞ்சிகைகளும் புலம்பெயர்ந்தோர் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் படியெடுத்து ஏற்றப்பட்டிருக்கின்றன. மாஸ்டரின் பெட்டியிலிருந்த சஞ்சிகைகளின் பட்டியலை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். பெரும்பாலானவை ஏற்கனவே அங்கே இருந்தன. ஐந்தாறு இதழ்கள் இல்லை. அவற்றைப் படியெடுத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு இதழ்களின் பின்னட்டை கிழிந்துவிட்டது. இந்தப் பக்கங்களை வாசிக்கும் எவருடைய வீட்டு நிலவறையிலோ அலுமாரிக்கு மேலேயோ அப்படியொரு சப்பாத்துப் பெட்டி இருக்கக்கூடும். பிள்ளைகள் வீடு துப்புரவாக்கத் தொடங்குமுன் ஒருதரம் இறக்கிப் பாருங்கள். கசட் ஓடாவிட்டாலும் எறியவேண்டாம். நாடா அறுந்திருந்தால் ஒட்டித் தர ஆள் இருக்கிறது.